ஒன்றரை ஏக்கர் கம்பளிப்பூச்சி

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு பழைய உரக்கடை இருக்கிறது. காலையில் அதன் ஷட்டரைத் தூக்கும் நேரம் அந்த வழியாகப் போனால் ஒரு வாடை முகத்தில் வந்து விழும். பூசணம் பிடித்த சாக்கும், பாச்சை உருண்டையும், நனைந்த சுண்ணாம்பும் ஒன்றாகக் கலந்தது போல. அந்த வாடைக்குக் காரணமான வெள்ளைப் பூச்சிமருந்துப் பவுடரை விற்கக் கூடாது என்றாகிப் பல வருஷம் ஆகிறது. கடைக்காரர் மாறிவிட்டார், பெயர்ப்பலகை மாறிவிட்டது. வாடை மட்டும் பலகைத் தட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஷட்டர் சத்தம் கேட்டதும் எழுந்து வருகிறது.

அது வந்ததும் எனக்குக் கை அரிக்கும். புறங்கை, விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம். நாற்பதைத் தாண்டிய தோல் இருபத்திரண்டு வயதை ஞாபகம் வைத்திருக்கிறது.

போன மாதம் செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கத்துக் காபிக் கடை ஒன்றில், வெள்ளைக் கதர் உடுத்திய ஒருவர் அகிம்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மென்மை என்றார். மௌனம் என்றார். உள்ளே ஒரு புன்னகை என்றார். சுற்றி இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. நான் பார்த்த அகிம்சைக்கு உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அது மண்வெட்டி பிடித்தது. ஊரோடு சண்டை போட்டது. எரிந்து விழுந்தது. அதற்குச் சுத்தமாக வராத ஒன்று உண்டென்றால் அது புன்னகைதான்.

மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிது. நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கோயில் தெருவில் கற்பூரம், விபூதி, திரி விற்கிற கடை. எங்கள் வீட்டில் முட்டைகூட வராது. சனிக்கிழமை விடியும் முன் அப்பா நொய்யும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தோடு கிரிவலப் பாதைக்குப் போவார். மரத்தடி மரத்தடியாகக் குனிந்து எறும்புப் புற்று பார்த்துப் போடுவார். குனிந்து நிமிர்ந்து, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த மரம். அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. எங்கள் வீட்டின் பெருமை அது.

ஊருக்குக் கிழக்கே, கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் எங்களுக்கு நாலு ஏக்கர் புன்செய், எங்கள் பேச்சில் கொல்லி. மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. எங்கே நின்று பார்த்தாலும் மேற்கே மலை தெரியும். எங்கள் வரப்பை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நயினாரம்மாவுடையது. நயினார் என்றால் இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம். நேற்று வந்தவர்கள் இல்லை, எங்கள் கோபுரத்துக்கு முன்பே இங்கே உழுதுகொண்டிருந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். கணவர் வந்தவாசிப் பக்கம் வாத்தியார், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவது, தண்ணீரை ரெண்டாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் குடிக்காதது, எதிரில் இருப்பவரைக் கத்தரித்த மாதிரி பேசுவது. இந்த மூன்றுக்கும் அவர் எங்கள் பக்கம் பேர் போனவர்.

அந்த ஆடியில் கம்பளிப்பூச்சி விழுந்தது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விதைத்து ஒரு மாதம், செடி பூ வைக்கிற சமயம். செம்பட்டை மயிர் போர்த்திய புழுக்கள், விரல் நீளம். ஒன்று பத்து என்று வராது. படையாக வரும். காது கொடுத்துக் கேட்டால் தின்னும் சத்தம் கேட்கும், சன்னமான தூறல் போல. ஒரு கொல்லியைத் தின்று காம்பாக நிறுத்திவிட்டு, சேர்ந்தாற்போல் கிளம்பி அடுத்த கொல்லிக்கு நடக்கும். அதனால் உன் கொல்லி, என் கொல்லி என்று தனித்தனியாக மருந்து போட்டுப் பயனில்லை. எல்லாரும் ஒரே நாளில் போட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பம்ப்செட் கொட்டகை நிழலில் கொல்லிக்காரர்கள் கூடினார்கள். அப்பாதான் பேசினார். வெள்ளிக்கிழமை காலை எல்லாக் கொல்லியிலும் பவுடர். ஆள் அவர் ஏற்பாடு. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"எங்க கொல்லியில வாணாம்" என்றார் நயினாரம்மா.

"ஏம்மா, இது உன் ஒருத்தி விஷயம் இல்ல" என்றார் அப்பா. அவர் பேச்சில் எப்போதும் கற்பூரம் மணக்கும்.

"தெரியுதுங்கண்ணா. அதான் நின்னு சொல்லிட்டுப் போறேன். இல்லன்னா சொல்லாமலே இருந்திருப்பேன்."

தெற்குக் கொல்லிக்காரர் சிரித்தார். "மண்ணுக்குள்ள வெளையிற கிழங்கத் தின்ன மாட்டீங்க. மல்லாட்ட மட்டும் வெப்பீங்க. அது இன்னா மரத்துலயா காய்க்குது?"

"அது கிழங்கு இல்ல, கொட்டை. சந்தேகம் இருந்தா வூட்டுக்கு வந்து கேளு. இங்க நின்னு கத்தாத."

"ஏரு ஓட்டுறியே, அதுல சாவலியா?" என்றார் இன்னொருவர்.

"சாவுது. சாவுறது தெரியும். தெனம் அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் படுக்கிறேன். கால்ல மிதிபட்டுச் சாவுறது வேற, நாள் குறிச்சு ஆள் வெச்சுக் கொல்றது வேற."

அப்பா பொறுமையாக, ரொம்பப் பொறுமையாக, "உங்க வாத்தியார் இன்னாம்மா சொல்றாரு?" என்றார்.

அங்கேதான் அந்த அம்மாவின் குரல் ஒரு நொடி இறங்கியது. "போட்டுடலாம்னுதான் சொல்றாரு. எங்க கோயில்லயும் அதான் சொல்றாங்க. குடும்பஸ்தன் பயிரக் காப்பாத்திக்கிறதுல தப்பில்லையாம்." பிறகு ஏறியது. "அவங்க சொல்லட்டும். கொல்லி என் பேர்ல கீது."

"புழு உன் பேர்ல நிக்காதேம்மா. எங்க கொல்லிக்கு வருமே."

"வராது. மூணு பக்கமும் பள்ளம் வெட்டுறேன். நாலாவது பக்கம் கால்வாய் கீது. பள்ளத்துல விழுந்தா ஏற முடியாது. என்னுது என் கொல்லியிலயே மேயட்டும்."

பள்ளம் வெட்டுவது எங்கள் பக்கத்தில் தெரிந்த விஷயம்தான். வெளிப் புழு உள்ளே வராமல் இருக்க வெட்டுவார்கள். உள்ளே இருக்கிற புழு வெளியே போகாமல் இருக்க, தன் பயிரையே தீனியாக வைத்து யாரும் வெட்டியதில்லை.

"அப்ப உன் மல்லாட்ட?" என்றார் தெற்குக் கொல்லிக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"போவட்டும்."

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பள்ளம் முடியணும். அதுக்கப்புறம் உன் கொல்லியிலேர்ந்து ஒரு புழு எங்க பக்கம் தாண்டுச்சு, பவுடர் உள்ள வரும். நானே வந்து போடுவேன்."

"சரிங்கண்ணா."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு புழு தாண்டக் கூடாது.

புதன்கிழமை காலை அப்பா என்னைச் சைக்கிளில் அனுப்பினார். பள்ளம் ஒழுங்காக வெட்டுகிறாளா, பேருக்குக் கீறிவிட்டு ஏமாற்றுகிறாளா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். நான் உளவு பார்க்கப் போனவள். இதை மறைக்கப் போவதில்லை.

அவரும் ஒரு கூலிப் பெண்ணும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முழ ஆழம், ஒரு சாண் அகலம், இரண்டு பக்கமும் சுவர் போல நேராக. முடிந்த பகுதியில் புழுக்கள் விழுந்து ஒன்றின்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன. அரை மணிக்கு ஒருமுறை அந்த அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தென்னந்துடைப்பத்தால் அவற்றை முறத்தில் தள்ளி, கொல்லியின் நடுவுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா? கடைக்காரர் பொண்ணுதானே நீ? வேவு பாக்க வந்தியா?"

"ஆமா" என்றேன். பொய் வாயில் வரவில்லை.

"பாத்தாச்சில்ல? ஒண்ணு கெளம்பு, இல்ல அந்த முறத்த எடு."

நான் முறத்தை எடுத்தேன். ஏன் என்று அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய். புழுவின்மேல் எனக்குக் கருணை பொங்கவில்லை. பார்க்கவே உடம்பு கூசியது. ஊர் மொத்தமும் தலையாட்டுகிற இடத்தில் ஒரு ஆள் "வாணாம்" என்று சொன்னது எனக்குள் எங்கேயோ போய்த் தைத்திருந்தது. எங்கள் வீட்டில் நான் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

சாயங்காலம் கை இரண்டும் தடித்துச் சிவந்திருந்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பள்ளம் எப்பிடி கீது?" என்றார் அப்பா. "ஒழுங்கா இருக்கு" என்றேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க யாராவது வந்தா இந்தக் கையத்தான் காட்டப் போறியா?" என்றாள். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பள்ளம் கால்வாய்க் கரையைத் தொட்டது. எட்டு மணிக்குப் பவுடர்காரர் வந்தார்.

அவருக்கு முப்பது வயதிருக்கும். காலனிக்காரர். மூன்று வருஷத்துக்கு முன்னால் புத்த மதத்தில் சேர்ந்தவர். அவர் வீட்டில் சாமி படமெல்லாம் இறக்கிவிட்டுப் புத்தர் படம் ஒன்றே ஒன்று மாட்டியிருக்கிறார் என்று ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள். பவுடர் போடுவது இப்படித்தான்: மெல்லிய துணிப்பையில் நிரப்பி, இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கைக் குச்சியால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். தட்டத் தட்டப் புகை மாதிரி இறங்கும். செடிமேல் பாதி, தட்டுகிறவர்மேல் பாதி. மூக்குக்கு ஒன்றும் கிடையாது. மேல்துண்டு வேர்வைக்கே சரியாகப் போகும்.

பதினோரு மணிக்கு எங்கள் கொல்லியை முடித்துவிட்டு, நயினாரம்மாவின் வரப்பில் வந்து உட்கார்ந்தார். புருவம், இமை, மீசை எல்லாம் வெள்ளை. கிழவர் மாதிரி இருந்தார். இருமி இருமி ஒரு பக்கமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

நான் கேட்டது என் வாழ்க்கையில் கேட்ட மட்டமான கேள்விகளில் ஒன்று. "அண்ணா, உங்க புத்தர் கொல்லக் கூடாதுன்னு சொல்லலியா?"

வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொத சீலமே அதாங்க. காலைல வாயால சொல்றேன். எட்டு மணிக்குக் கையால தட்டுறேன்." சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. "விஷ வியாபாரம் பண்ணக் கூடாதுன்னுகூட கீது. நான் வியாபாரமா பண்றேன்? கடைக்காரரு விக்கிறாரு, உங்கப்பா வாங்குறாரு, நான் தட்டுறேன். இத யாரு தலையில போடுவீங்க?"

பள்ளத்தைக் கை காட்டினார்.

"புழுவுக்குப் பாவம் பாக்க இங்க ஆள் கீது. அதுக்குப் பள்ளமெல்லாம் வெட்டுறாங்க. இந்தப் பவுடர் என் நெஞ்சுக்குள்ள எறங்குதே, அதுக்கு யாராவது ஒரு சாண் வெட்டுனீங்களா?"

நயினாரம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகம் கறுத்துப்போனது. போய், வேப்பமரத்தடியில் வைத்திருந்த குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தார். வந்து, சொம்பை உயர்த்திப் பிடித்தார், பவுடர்காரர் கையைக் குவித்தால் ஊற்றுவதற்கு.

அவர் கையைக் குவிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையை நீட்டினார். சொம்பு வேண்டும் என்று நீட்டிய கை.

"குவிக்கிறது இல்லீங்க. சீலம் எடுத்த நாள்லேர்ந்து."

மைனா ஒன்று கத்திக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. மூன்று நாளாகப் புழுவைப் புண்படாமல் அள்ளிய அந்தக் கை, ஒரு மனிதன் முன்னால் உயரத்தில் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் வேலைக்கு வருபவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருப்பது எனக்கு அப்போதுதான் கண்ணில் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதைத் தினமும் பார்த்தவள்.

சொம்பு இறங்கியது. அவர் கைக்குப் போனது. அவர் வாய் வைத்துக் குடித்தார்.

அதோடு அந்த அம்மா நிற்கவில்லை. குடத்தின் வாயில் கட்டியிருந்த வடிகட்டும் துணியை அவிழ்த்தார். அவர்கள் வீட்டில் அந்தத் துணியை வேறு எதற்கும் தொட மாட்டார்கள். "மூக்குல கட்டு. ரெண்டா மடிச்சே கட்டு."

அவர் கட்டிக்கொண்டார். "சேட்டு வூட்டுக்கு நடந்து வர்ற வெள்ளச்சேல சாமியாரம்மா மாதிரி கீறனா? அவங்க பூச்சி வாயில போவக் கூடாதுன்னு கட்டுவாங்க. நான் பூச்சி மருந்து போவக் கூடாதுன்னு கட்டுறேன்."

"அவங்க வடக்கத்திச் சமணம், நாங்க வேற. எங்க சாமியாருங்க மூக்குல கட்ட மாட்டாங்க" என்றார் நயினாரம்மா, அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்காமல்.

சனிக்கிழமை அப்பா வழக்கம் போல நொய்யும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முந்தின நாள் எங்கள் கொல்லியில் புழுவோடு எறும்பு, மண்புழு, தட்டான், வரப்பில் இரண்டு மைனா எல்லாம் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். "நம்ம கொல்லி எறும்புக்கு இன்னா போட்டீங்கப்பா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். அப்பா செருப்பை மாட்டிய காலோடு நின்றார். வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் சுபாவம் அது. கையை நீட்ட மாட்டார், கதவை மட்டும் மூடுவார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. விடாத மழை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். பள்ளம் நிரம்பியிருந்தது. இரண்டு பக்கமும் நேராக வெட்டிய சுவர். ஏற இடமில்லை. செம்பட்டை மயிர் மயிராக, கால்வாய்க் கரையிலிருந்து கால்வாய்க் கரை வரைக்கும், தண்ணீர் தெரியாதபடி மிதந்துகொண்டிருந்தன. பவுடர் போட்ட எங்கள் நாலு ஏக்கரில் செத்ததைவிட ஜாஸ்தி இருக்கும் என்றுதான் பட்டது. செத்ததன்மேல் மிஞ்சியது ஏறி, பாலத்தில் நடப்பது போல நடந்து, எங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது.

மழையால் அந்த வாரம் வாத்தியார் வரவில்லை. நயினாரம்மா சேற்றில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையால் தண்ணீரை வெளியே அள்ளிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

அப்பா வந்தார். தெற்குக் கொல்லிக்காரர் வந்தார். பவுடர்காரரையும் பையோடு கூட்டி வந்திருந்தார்கள்.

"பாத்தியாம்மா?" என்றார் அப்பா. "கொல்ல மாட்டேன் கொல்ல மாட்டேன்னு சொல்லி, எங்க எல்லாரையும்விட ஜாஸ்தி கொன்னது நீதான்."

அவர் எழுந்து நின்றார். முழங்காலுக்குமேல் சேறு. கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"ஆமாங்கண்ணா. கொன்னுட்டேன். மழ வரும்னு யோசிக்கல. தப்பு என்னுதுதான். இன்னிக்கும் நாளைக்கும் எனக்குச் சோறு கெடையாது. நான் கொன்னதுக்கு நான் உக்காந்து அழுவேன்." ஒரு மூச்சு விட்டார். "நீங்க கொன்னதுக்கு யாருங்கண்ணா அழுதாங்க?"

அப்பா முகம் திருப்பினார். பவுடர்காரரிடம், "பேச்சு எதுக்கு? தாண்டிடுச்சு. உள்ள எறங்கிப் போடு" என்றார்.

அவர் நகரவில்லை. மூக்கில் அந்த வெள்ளைத் துணி இன்னும் இருந்தது. பையையும் குச்சியையும் இரண்டு கையிலும் ஏந்தி அப்பா முன்னால் நீட்டினார்.

"நீங்களே போடுவேன்னு செவ்வாக்கிழம சொன்னீங்களாமே. இந்தாங்க."

அப்பா நெற்றியில் காலை விபூதி ஈரம் காயாமல் இருந்தது. வேட்டி வெளுத்த வேட்டி. பையைப் பார்த்தார். பையின் துணியிலிருந்து பவுடர் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. கை நீளவில்லை. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுகிறேனோ என்னவோ. என் அப்பா கெட்டவர் இல்லை. தன் கை படாத வரைக்கும் எதுவும் தன் கையால் நடக்கவில்லை என்று நம்பியவர். அப்படி நம்புகிறவர்கள்தான் இந்த ஊரில் பாதிப் பேர். மலையைச் சுற்றுகிறவர்களும், சுற்றுகிறவர்களுக்குக் கற்பூரம் விற்கிறவர்களும், காபிக் கடையில் கண்ணை மூடுகிறவர்களும்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குக் கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வேற ஆள் வருவான்" என்றார். "அப்ப ஒரே ஒண்ணு தாண்டுறதப் பாத்தாலும் பவுடர் உள்ள எறங்கும்." என்னிடம், "வண்டில ஏறு" என்றார்.

"வாணாம்" என்றேன்.

ரொம்பச் சின்ன சத்தம்தான். எனக்கே கேட்டதா என்று சந்தேகம். அப்பாவுக்குக் கேட்டது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பவுடர்காரர் பையை வரப்பில் வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி வெட்டிட்டீங்களே நயினாரம்மா. அப்புறம் அது எப்பிடி ஏறும்? வெளிப்பக்கம் நேரா இருக்கட்டும். உள்பக்கம் சரிவா வெட்டுங்க. விழுந்தாலும் உங்க பக்கம் ஏறிப் பூடும். கால்வாய்ப் பக்கம் வாய் தொறந்து வுட்டா தண்ணியும் நிக்காது."

"இத வெள்ளிக்கிழம சொல்ல வேண்டியதுதானே?"

"வெள்ளிக்கிழம என்னை யாரு கேட்டா?"

அந்த அம்மா மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார். எனக்குக் கடப்பாரை. சாப்பிடாமல் வெட்டுகிறவர், இருமிக்கொண்டே வெட்டுகிறவர், வெட்டத் தெரியாமல் வெட்டுகிறவள். முதலில் வாயைத் திறந்து தண்ணீரை வடித்தோம். செத்ததை அள்ளி மேட்டில் கொட்டினோம். எங்கள் பக்கம் தாண்டியதை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப வீசினேன். பிறகு சரிவு. மூன்று பக்கமும், சாண் சாணாக. பொழுது சாயும்போது மலை கறுத்து, எங்கள் மூன்று பேர் மேலும் ஒரே செம்மண் நிறம்.

ஒன்றரை ஏக்கரில் அப்போது மிச்சம் இருந்தது காம்புதான். எதற்கு வெட்டினோம் என்று கேட்பீர்கள். பயிருக்காக இல்லை. அது போனது போனதுதான். அந்தப் பை உள்ளே வரக் கூடாது. அவ்வளவுதான். அவருடைய கொல்லிக்குள் யாரும் நாள் குறிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தபோது என் துணிமணி பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தது. சென்னையில் அத்தை வீட்டில் இருந்து டைப்பிங் படிக்கப் போகிறேனாம். காலை எட்டு மணி பஸ். அப்பா அதையும் கத்தாமல்தான் சொன்னார். அப்போது போனவள் ஊருக்குள் திரும்பி வந்து நிலைத்தது பதினைந்து வருஷம் கழித்து. இப்போது அந்த ஒன்றரை ஏக்கரில் மனைக் கற்கள் நட்டிருக்கிறது. அந்த அம்மா வந்தவாசிப் பக்கமே போய்விட்டார் என்கிறார்கள். தேடிப் போகவில்லை. போனால் "இப்ப எதுக்கு வந்த?" என்றுதான் கேட்பார்.

அந்தத் திங்கட்கிழமை இருட்டுப் பிரிகிற நேரத்தில் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு சைக்கிளை எடுத்தேன். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஒன்பது மணி ஆளுக்கு மூன்று.

இரவு கொஞ்சம் தூறியிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. நயினாரம்மா கால்வாய் ஓரமாக, பள்ளத்தின் வாயில் அடைத்த சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பட்டினி. நிமிராமலே கேட்டார்.

"கூலிக்காரி சொன்னா. பொட்டியெல்லாம் கட்டியாச்சாமே?"

"எட்டு மணி பஸ்ஸு, அக்கா."

"அப்ப இங்க இன்னா வேல?"

"பாத்துட்டுப் போவலாம்னு."

"அப்ப பாரு. எனக்குக் கண்ணு இருட்டுது. உங்க வரப்போரமா குனிஞ்சு பாத்து சொல்லு. ஏறுதா?"

குனிந்தேன். சேற்றில் முழங்கால் பதிந்தது. பள்ளத்தின் அடியில் ஒரு செம்பட்டைக் கோடு நெளிந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துச் சுவரை முட்டியது. விழுந்தது. திரும்பியது.

"ஏறுதுக்கா."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான்."

"அப்ப சரி. கெளம்பு."